சொந்தப் பிள்ளைக்கு விசிட்டர்

ராத்திரி மாடிப்படியில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டால் மற்றவர்கள் திருடன் என்று பயப்படுவார்கள். என் உத்தியோகத்தில் இருப்பவர்கள் நோட்டீஸ் கொண்டுவருகிற கோர்ட்டு அமீனா என்று பயப்படுவார்கள்.

என்ன உத்தியோகம் என்று கேட்பீர்கள். அம்மா உத்தியோகம்தான். அதில் எங்களுடையது தனிப் பிரிவு. பிள்ளை உயிரோடு, நல்லபடியாக, நாலு தெரு தள்ளி இருக்கும். சட்டப்படி அதற்குக் கார்டியன் வேறொருவராக இருப்பார். நமக்கு எது முடியும், எது கூடாது என்று யாரிடம் கேட்டாலும் ஒரு பதில் வரும். ஒருவர் சொன்ன பதிலை அடுத்தவர் சொல்ல மாட்டார். இந்தப் பிரிவில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இருக்கிறவர்கள் என்னைப்போலவே ராத்திரி விழித்துக்கொண்டுதான் கிடப்பீர்கள் என்று மட்டும் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடகட

நான் குடியிருப்பது தூத்துக்குடியில் ஒரு மாடி அறை. கீழே வீட்டுக்கார அண்ணாச்சி, சங்கு வியாபாரம். குடிவந்த புதிதில் ஒரு ராத்திரி படியில் கடகடவென்று ஒரு சத்தம், பிறகு சர்ரென்று ஓர் இழுப்பு, மறுபடி கடகட. எலும்புக்கூட்டைச் சாக்கில் கட்டி இழுத்தால் அப்படித்தான் கேட்கும் என்று தோன்றியது. எலும்புக்கூடு என்றால்கூடப் பரவாயில்லை. மகளைப் பார்ப்பதற்கும் தடை வாங்கி ஆள் அனுப்பிவிட்டார்களோ என்றுதான் பயந்தேன். விளக்கைப் போடாமல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணாச்சி ஒரு சங்கு மூட்டையைப் படிக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கோர்ட்டு ஆளோன்னு பயந்துட்டேன்" என்றேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து சொன்னார்:

"கோர்ட்டு இப்படி முக்கிக்கிட்டா வரும்? அது சத்தமில்லாம வந்து கதவுல ஒட்டிட்டுல்லாம்மா போவும்."

அன்றிலிருந்து விடிந்ததும் முதல் வேலையாகக் கதவின் வெளிப்பக்கத்தைப் பார்க்கிறேன்.

வாசலில் வாங்கிய பிள்ளை

என் மகள் ஜோவி கைக்குழந்தையாக இருந்தபோது அவளுடைய அப்பா தவறிப்போனார். தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போனவருக்குக் கடலில் காய்ச்சல் கண்டு, கரைக்கு வந்த கையோடு முடிந்துவிட்டது. அதன்பிறகு நான் மஸ்கட்டில் ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளையை அவருடைய அக்கா, எனக்கு மைனி, வைத்துக்கொள்வதாகப் பேச்சு. ஸ்கூல் சேர்க்கை, பேங்க், ஆஸ்பத்திரி என்று எதற்கு எடுத்தாலும் ஆள் வேண்டும், அதனால் கோர்ட்டில் மைனியைக் கார்டியனாகப் போட்டுவிடலாம் என்றார்கள். மைனிதான் ஜோவிக்கு ஞானத்தாயும். எங்கள் வீட்டு வழக்கப்படி ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையை அம்மா தூக்கிப் போகக் கூடாது. ஞானத்தாய்தான் கோயிலுக்குத் தூக்கிப் போவாள், தண்ணீர் ஊற்றும்போது ஏந்திக்கொண்டு நிற்பாள், திரும்பி வந்து வாசற்படியில் வைத்து அம்மா கையில் கொடுப்பாள். மைனியும் அப்படித்தான், "இந்தாளா, பிடி" என்று கொடுத்தாள்.

கோர்ட்டு கார்டியனும் அந்த மாதிரிதான் என்று நினைத்துவிட்டேன். தூக்கிக்கொண்டு போவாள், நான் வந்ததும் வாசலில் வைத்துத் தருவாள். ஜட்ஜ் "சம்மதமா?" என்று கேட்டபோது, கோயிலில் "விசுவசிக்கிறேன்" என்று சொல்லுகிற அதே குரலில் "சம்மதம்" என்றேன். மஸ்கட்டிலிருந்து திரும்பிய அன்று ஏர்போர்ட்டிலிருந்து நேராக மைனி வீட்டு வாசலில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மைனி காபி கொடுத்தாள். பிள்ளையைக் கொடுக்கவில்லை. "நீ மறுபடியும் போமாட்டேன்னு என்ன நிச்சயம்? நீ போன மறுநா காலைல எந்திச்சு அம்மா எங்கன்னு கேட்டப்ப பதில் சொன்னது நான்லா" என்றாள். காபியைக் குடித்துவிட்டு, கொண்டுவந்த பெட்டியோடு திரும்பினேன்.

அதன்பிறகு தேடிப் பிடித்ததுதான் நாசரேத்துப் பக்கத்து வக்கீலம்மா. ஞானஸ்நான விஷயத்தை எல்லாம் சொல்லி, நான் நினைத்தது தப்பா என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"கோயில்ல கொடுத்த பிள்ளையக் கை நீட்டி வாங்கலாம். கோர்ட்டுல கொடுத்த பிள்ளைய மனு போட்டுத்தாம்மா வாங்கணும்."

மழை நாள் கேட்

மனு போட்டோம். கேஸ் முடியும்வரை ஒரு தற்காலிக ஏற்பாடு கிடைத்தது: ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததிலிருந்து சாயங்காலம்வரை ஜோவி என்னோடு இருக்கலாம், ஊர் எல்லைக்குள். மற்ற நாட்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 'ஒன்றும் இல்லை' என்றால் 'கூடாது' என்று அர்த்தமா, 'பரவாயில்லை' என்று அர்த்தமா? இங்கேதான் நம்மைப் போன்றவர்கள் வழுக்கி விழுகிறோம்.

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. தூத்துக்குடியில் மழை பெய்தால் தெருவும் கடலும் ஒன்று. முழங்கால் தண்ணீரில் குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். கான்வென்ட்தான், நானும் அதே மாதிரி கான்வென்ட்டில் படித்து, கேட்டுக்கு உள்ளே நிற்பதுதான் பத்திரம் என்று வளர்ந்தவள். இப்போது கேட்டுக்கு வெளியே. வாட்ச்மேன் அட்டை கேட்டார். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களுக்கு ஸ்கூலில் கொடுக்கிற அட்டை. அது மைனியிடம் இருந்தது. "நான் அவ அம்மாண்ணே" என்றேன். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுதாவ" என்றார். உள்ளே ஜோவி வராந்தாவில் நின்று எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன். வேறு என்ன செய்வது? கடைசியில் மைனியின் வண்டி தண்ணீரில் நின்றுபோய், அவளே வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, பிள்ளையை என்னோடு அனுப்பச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுக் கேட்டைத் திறந்தார். எனக்கு நன்றி சொல்வதா அழுவதா என்று தெரியவில்லை. வாட்ச்மேன் ரொம்ப வருத்தத்தோடு சொன்னார்:

"நீங்க அம்மாதான்னு கார்டியனே சொல்லிட்டாவ. இத மொதல்லயே அவியள்ட்ட சொல்லச் சொல்லியிருந்தா நனைஞ்சிருக்க மாட்டியல்லா."

தீவு யாருடைய எல்லை

ஊர் எல்லைக்குள் என்று சொன்னார்களே தவிர, எல்லை எங்கே முடிகிறது என்று சொல்லவில்லை. மேற்கே போனால் ஒரு பெட்ரோல் பங்க்கைத் தாண்ட மாட்டேன். அது நானாக வைத்துக்கொண்ட கணக்கு. சாயர்புரத்தில் என்னோடு படித்தவள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஜோவி இல்லாமல்தான் போனேன். கிழக்கே என்ன செய்வது? கிழக்கே கடல். கடலில் பேரூராட்சி, மாநகராட்சி என்று எவன் கோடு போட்டு வைத்திருக்கிறான்?

ஒரு ஞாயிறு முயல்தீவுக்குப் போகலாம் என்று ஜோவி அடம்பிடித்தாள். பெயர்தான் தீவு, ரோட்டிலேயே போகலாம். பாதி வழி போன பிறகு, தீவு என்றால் ஊருக்கு வெளியேதானே என்று தோன்றிவிட்டது. அப்படியே நின்றேன். ஜோவி என் கையைப் பிடித்து முன்னால் இழுக்க, நான் பின்னால் இழுக்க, பின்னால் வந்த குடும்பங்கள் எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. ஐஸ் வண்டிக்காரர் நிறுத்தி விவரம் கேட்டார். சொன்னேன். கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மணியை ஒரு அடி அடித்துவிட்டுச் சொன்னார்:

"போன வாரந்தான் ஒரு ஜட்ஜு குடும்பத்தோட வந்து கோன் ஐஸ் தின்னுட்டுப் போனாரு. அவரு வந்த எடம் எல்லைக்குள்ளதானக்கா இருக்கும்?"

சட்டப்படி இது சரியா என்று தெரியாது. எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது. ஜோவி இரண்டு கோன் சாப்பிட்டாள்.

பேன்

இது சின்ன விஷயம். ஆனால் இதற்கு நான் பயந்த பயம் சின்னது இல்லை. ஒரு ஞாயிறு ஜோவி தலையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். பார்த்தால் பேன். எடுக்கலாமா? எடுத்தால், கார்டியன் பிள்ளையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நான் குற்றம் சொல்கிற மாதிரி ஆகும். எடுக்காவிட்டால், பேனைப் பார்த்தும் சும்மா இருந்த அம்மா என்று ஆகும். எடுத்த பேனை என்ன செய்வது? சாட்சியமாக வைத்திருக்க வேண்டுமா? சிரிக்காதீர்கள். வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். சாத்தான்குளத்தில் ஒரு வீட்டு விசேஷத்தில் இருந்தார். பின்னால் நாதஸ்வரமோ பேண்டோ ஏதோ காதைப் பிளந்தது. "பேனுக்கெல்லாம் ஸ்டே கெடையாதும்மா, எடுங்க!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குள் சாயங்காலமாகிவிட்டது. கொண்டுபோய் விடும்போது மைனி வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து ஈருளிச் சீப்பை எடுத்தேன், ஒளித்துச் செய்ததாக இருக்கக் கூடாதென்று. மைனி அடுப்படியிலிருந்து வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். நான் ஈருளியைக் கீழே வைத்துவிட்டேன். "ஏன் நிப்பாட்டுத? கிளாஸ்ல ஒரு பிள்ளைட்டருந்து தொத்தியிருக்கு, நானும் எடுத்து எடுத்துப் பாக்கேன்" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

"அவளுக்கு முடிச்சிட்டு எனக்கும் பாருளா, நேத்துலருந்து அரிக்கி."

கேஸில் அவள் எதிர்மனுதாரர். அவள் தலையில் நான் பேன் பார்த்ததை வக்கீலம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

தாடையில் தையல்

கோயில் மைதானத்து ஊஞ்சலிலிருந்து ஜோவி விழுந்தாள். என் ஞாயிற்றுக்கிழமையில், என் கண்முன்னால். தாடை கிழிந்து ரத்தம். பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தையல் போட வேண்டும், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார் டாக்டர். பேனாவைக் கையில் வாங்கிய பிறகு எனக்கு உலகம் நின்றுவிட்டது. சிகிச்சைக்குச் சம்மதம் சொல்வது கார்டியன் வேலை ஆயிற்றே. மைனி விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள், போன் போகவில்லை. மறுபடி போட்டேன். போகவில்லை.

"நீங்க யாரு?" என்றார் டாக்டர். "அம்மா." "அப்புறம் என்ன?" அப்புறம் என்ன என்று சொல்லத்தானே எனக்குத் தெரியவில்லை! நான் விளக்க ஆரம்பித்தேன். மஸ்கட், மனு, தற்காலிக ஏற்பாடு. நர்ஸ் பஞ்சை மாற்றினாள். என் மகள் பஞ்சுக்கு மேலே ஒரு கண்ணால் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா, ரத்தம் வருதுல்லா. கையெழுத்தப் போட்டுட்டுப் பொறவு யோசி."

போட்டேன்.

ஜட்ஜ் ரூமில்

அந்தத் தையல் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. அம்மாவின் பொறுப்பில் இருக்கும்போது பிள்ளைக்குக் காயம். அதிலும் கையெழுத்துப் போடத் தயங்கியிருக்கிறார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பையும் நிறுத்த வேண்டும் என்று மைனி பக்கத்து வக்கீல் மனு போட்டார். உரிமை இல்லாமல் போட்டேன் என்று சொல்வார்கள் என்று நான் பயந்துகொண்டிருக்க, போடாமல் நின்றேன் என்று சொல்லிவிட்டார்கள். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை பாருங்கள். இருந்த ஒரு கிழமையும் போய்விட்டால் நான் எந்தக் கிழமை விடிய வேண்டும் என்று காத்திருப்பேன்? வராந்தாவில் நானும் மைனியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், வேறு பெஞ்ச் இல்லாததால். நடுவில் ஜோவியின் தண்ணீர் பாட்டில்.

ஜட்ஜ் ஒரு மேடம். பிள்ளையைத் தனியாகத் தன் ரூமுக்குக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த ஜோவி எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக, பாட்டிலைத் திறந்தபடியே சொன்னாள்: "அம்மா வீட்டுல எங்க படுப்பன்னு கேட்டாங்க. நான் படுத்ததே இல்லயேன்னேன். ஏன் படுக்கலன்னு கேட்டாங்க. நீங்கதான சாயங்காலம்வரைக்கும்னு சொன்னீங்கன்னு சொல்லிட்டேன்."

ஜட்ஜைப் பார்த்துக் குறை சொல்லிவிட்டாள், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். மைனியும் "ஐயோ மாதாவே" என்று நெஞ்சில் கை வைத்தாள். அந்த ஒரு நிமிடம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. உள்ளே கூப்பிட்டார்கள். சந்திப்பை நிறுத்த முடியாது, இனி சனிக்கிழமை சாயங்காலம் போய் ராத்திரி அம்மா வீட்டில் தங்கி ஞாயிறு திரும்பட்டும், எப்படிப் போகிறதென்று பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்கிறேன் என்றார் ஜட்ஜ். கார்டியன் கார்டியனாகவே இருப்பார். ஜெயித்தோமா தோற்றோமா என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். அவர் ஜோவியைப் பார்த்துச் சிரித்தார்.

"எத்தனை வருஷமா கோட்டு மாட்டிட்டு வாரேன். ஜட்ஜைப் பாத்து 'நீங்கதான சொன்னீங்க'ன்னு சொல்ல எனக்கு ஒரு நாளும் வாய் வந்ததில்லையே!"

சனிக்கிழமை

நேற்றுத்தான் அந்த முதல் சனிக்கிழமை. மைனியே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். ஒரு ராத்திரிக்குக் கொண்டுவந்த சாமான்: தலையணை, போர்வை, கொசுவத்தி, வெந்நீர் பிளாஸ்க், காய்ச்சல் மருந்து, சாளைக் கருவாடு. என் வீட்டில் கொசுவத்தி இல்லை என்று நினைத்தாளோ, கருவாடு இல்லை என்று நினைத்தாளோ. "ராத்திரி ஒரு தடவை எழுப்பி பாத்ரூம் கூட்டிட்டுப் போ. ஃபேன இவ்வளவு வேகமா வைக்காத. சொவத்துப் பக்கம் படுக்கப் போடு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, சொல்ல வேறு எதுவும் இல்லாமல் போனதும் ஜோவியின் தாடைத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

கதவைச் சாத்தினேன். தனியாக இருக்கும்போது இருட்டுமுன்பே தாழ்ப்பாள் போட்டுவிடுகிறவள்தான் நான். ஆனால் ஜோவி பகலில் வருகிற நாளெல்லாம் கதவை விரியத் திறந்தே வைத்திருப்பேன். பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டினாள் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. ராத்திரிக்கு என்ன விதி? யாரும் சொல்லவில்லையே. ஜோவிக்குச் சோறு போட்டேன், மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன், பாய் விரித்தேன். கதவு வெறுமனே சாத்தியே கிடந்தது. அப்போதுதான், கீழே ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம் இன்னும் வரவில்லை என்பது புத்தியில் பட்டது. கதவைத் திறந்தால், மேல்படியில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மைனி உட்கார்ந்திருக்கிறாள்.

"மைனி, இன்னும் போகலையா?"

"போறேன், போறேன். நீ தாப்பா போட்ட சத்தமே கேக்கலயே" என்றாள்.

"போடலாமா மைனி?" என்றேன். நிஜமாகவே கேட்டேன்.

அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். கண் சிவந்திருந்ததா, படி விளக்கின் வெளிச்சமா என்று எனக்குத் தெரியாது. "இதயும் வக்கீலம்மாட்டக் கேக்கணுமாக்கும்! பொம்பளப் பிள்ளய வச்சிக்கிட்டுக் கதவத் தெறந்து போட்டுட்டுக் கெடக்க" என்று என்னை உள்ளே தள்ளி, வெளியிலிருந்து அவளே கதவை இழுத்துச் சாத்தினாள். மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது:

"போடுளா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குக் காலு நகரும்."

போட்டேன், படியில் செருப்புச் சத்தம் இறங்கியது, ஸ்கூட்டர் கிளம்பியது. என் மகளை உள்ளே வைத்துக்கொண்டு நான் முதன்முதலாகப் போட்ட தாழ்ப்பாளும் சட்டப்படி கார்டியனின் அனுமதியோடுதான் போடப்பட்டது என்பதை, கேட்கிறவர்களுக்காக, இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.